பூச்சோங் முதல் போர்ட் கிள்ளான் வரை: தடம் சொல்லும் கதை

ரேபிட் கே.எல். பேருந்தின் நெற்றியில் ஒளிரும் எண்ணை, நம் வண்டிதானா என்று தெரிந்துகொள்ள மட்டுமே நாம் பார்க்கிறோம். ஆனால் அந்த எண்ணுக்கு ஓர் இலக்கணம் உண்டு. 1 என்று தொடங்கினால் ஜாலான் ஈப்போ பக்கம். 3 என்றால் அம்பாங். 4 என்றால் செராஸ். 7 என்றால் கூட்டரசு நெடுஞ்சாலை. 8 என்றால் டாமன்சாரா. பூச்சோங் வாசிகளுக்குப் பழக்கமானது 6. அது ஜாலான் கிள்ளான் லாமா, அதாவது பழைய கிள்ளான் சாலையைக் குறிக்கும் எண். பாசார் சினிக்கும் பூச்சோங் உத்தாமாவுக்கும் இடையே ஓடும் 600ஆம் எண் பேருந்தைக் கேட்டால், அது இன்னும் அந்தப் பழைய சாலையின் பெயரைத்தான் சொல்லும். எண்ணுக்கு முன்னால் 'டி' என்ற எழுத்து இருந்தால் 'தெம்பாத்தான்', அதாவது உள்ளூர் வண்டி. நம் தாமானுக்குள் புகுந்து, ரயில் நிலையத்தில் இறக்கிவிடும் சிறிய பயணத்துக்கானது.

இப்படி எண்களையும் தடங்களையும் துருவிக்கொண்டிருப்பவர்களைப் பலரும் விநோதமாகப் பார்ப்பார்கள். "ஒரு பஸ்ஸில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள். இருக்கிறது. பேருந்தும் ரயிலும் ஓடும் தடத்தைப் பின்தொடர்ந்து போனால், நம் தாத்தா பாட்டி எந்த வழியாக இந்த மண்ணுக்குள் வந்தார்கள், ஏன் இந்த ஊரில் குடியேறினோம், ஏன் இன்று நெரிசலில் நிற்கிறோம் என்பதெல்லாம் அந்தத் தடத்திலேயே எழுதியிருப்பது தெரியும். அதற்குப் பெரிய செலவு வேண்டாம். ஒரு சனிக்கிழமை போதும். பூச்சோங்கில் பேருந்து ஏறி, போர்ட் கிள்ளான் வரை போய், வேறு வழியாக வீடு திரும்பும் ஒரு சுற்றை இங்கே சொல்கிறேன்.

ரயில் வராத ஊர்

பூச்சோங்கின் பழைய முகவரி மைல் கணக்கில் இருந்தது. கோலாலம்பூரிலிருந்து எத்தனையாவது மைல் கல் என்பதே ஊரின் பெயர். பத்து 13, பத்து 14 என்று இன்றும் மூத்தவர்கள் சொல்வார்கள். மலாயில் 'பத்து' என்றால் கல். அதைத் தமிழில் படிக்கும் நம் பிள்ளைகள் பத்தையும் பதினான்கையும் கூட்டிப் பார்த்துக் குழம்புவதும் உண்டு. பதினான்கு மைல் என்பது ஏறக்குறைய 22 கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் ஒரு பக்கம் ஈயச் சுரங்கங்கள், மறுபக்கம் ரப்பர் தோட்டங்கள். சுரங்கங்கள் இன்று ஏரிகளாகிவிட்டன. தோட்டங்கள் தாமான்களாகிவிட்டன. ஆனால் காசல்பீல்ட், கின்ராரா என்ற தோட்டப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் இன்னும் சுமந்துகொண்டிருக்கின்றன.

கவனிக்க வேண்டியது ஒன்று. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே 1886லேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. அந்தத் தண்டவாளம் பூச்சோங்கிற்கு வடக்கே, பெட்டாலிங், சுபாங், பத்து தீகா வழியாகப் போய்விட்டது. பூச்சோங்கிற்குச் சாலை மட்டுமே மிஞ்சியது. தோட்டத்துப் பால் லாரியில் போனது. மனிதர்கள் நடந்தும் சைக்கிளிலும் பேருந்திலும் போனார்கள்.

பிறகு தோட்டங்கள் விற்கப்பட்டு வீடுகள் எழுந்தன. 1999இல் டாமன்சாரா-பூச்சோங் நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. வீடு வாங்க வந்தவர்கள் காரை நம்பி வந்தார்கள். ஊர் முழுவதும் சாலையை நம்பிக் கட்டப்பட்டது. கடைசியில்தான் ரயில் வந்தது. எல்.ஆர்.டி. ஸ்ரீ பெட்டாலிங் தடம் 2015 அக்டோபரில் கின்ராரா வரை நீண்டது. 2016 மார்ச் 31ஆம் தேதி ஐஓஐ பூச்சோங் ஜெயா, பூசாட் பண்டார் பூச்சோங், தாமான் பெரிண்டஸ்திரியான் பூச்சோங், பண்டார் புத்திரி ஆகிய நான்கு நிலையங்கள் திறந்தன. அதே ஆண்டு ஜூன் 30ஆம் தேதி புத்ரா ஹைட்ஸ் வரை முழுத் தடமும் ஓடத் தொடங்கியது. பக்கத்தில் 1886இல் ஓடிய ரயில், நம் ஊருக்கு வந்து சேர 130 ஆண்டுகள் ஆயின.

பூச்சோங்கில் எல்.ஆர்.டி. ஏன் தூண்களின் மேல், வீடுகளுக்கும் கடைகளுக்கும் தலைக்கு மேலே போகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? தரையில் அதற்கு யாரும் இடம் விட்டு வைக்கவில்லை. ஊர் முதலில் எழுந்து, ரயில் பின்னால் வந்தால் அப்படித்தான். பழைய ஊர்களில் இது தலைகீழாக நடந்தது. அங்கே முதலில் தண்டவாளம், பிறகு நிலையம், அதன் வாசலில் கடைத்தெரு, அதைச் சுற்றி ஊர்.

செத்துப் பிழைத்த பாதை

பூசாட் பண்டார் பூச்சோங்கில் ஏறி, ஜன்னல் ஓரம் உட்காருங்கள். புக்கிட் ஜாலில், சுங்கை பீசி தாண்டி, சாலாக் செலாத்தான் வந்ததும் கவனியுங்கள். அங்கிருந்து சான் சோ லின் வழியாக நகருக்குள் நுழையும் பாதை, 1990களில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. ஒரு காலத்தில் மலாயா ரயில்வேயின் கிளைப் பாதைகள் கோலாலம்பூரிலிருந்து அம்பாங்குக்கும் சாலாக் செலாத்தானுக்கும் போயின. காலப்போக்கில் அந்தக் கிளைகளில் ரயில் நின்றுபோனது. ஆனால் தண்டவாளம் கிடந்த நிலம் ரயில்வேயின் கையிலேயே இருந்தது. யாரும் அதில் வீடு கட்டி முடித்துவிடவில்லை.

நாட்டின் முதல் எல்.ஆர்.டி. தடத்தைத் திட்டமிட்டபோது அந்த நிலம்தான் கைகொடுத்தது. 1996 டிசம்பர் 16ஆம் தேதி அம்பாங்கிலிருந்து சுல்தான் இஸ்மாயில் வரை எல்.ஆர்.டி. ஓடியது. 1998இல் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்கு முன்பாக ஸ்ரீ பெட்டாலிங் வரையும், அந்த ஆண்டின் கடைசியில் செந்தூல் தீமோர் வரையும் நீண்டது. பழைய ரயிலின் தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம். எல்.ஆர்.டி.க்கு 1,435 மில்லிமீட்டர். தண்டவாளம் மாறியது, வண்டி மாறியது. பாதை மட்டும் அதே பாதை.

இதற்கு நேர்மாறான கதை பேராக்கில் இருக்கிறது. மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. சுமார் 13 கிலோமீட்டர். அதை அமைப்பதற்கு இலங்கையிலிருந்து தொழிலாளர் படையே வரவழைக்கப்பட்டது. இன்று போர்ட் வெல்டின் பெயர் கோலா செபத்தாங். தண்டவாளம் போய்விட்டது, நிலையம் போய்விட்டது. மிஞ்சியிருப்பது பயணச்சீட்டுக் கூண்டும் ஊர்ப் பெயர்ப் பலகையும்தான். அந்தப் பலகையில் மற்ற எழுத்துகளோடு தமிழிலும் ஊர்ப்பெயர் எழுதியிருக்கிறது. சுற்றுலா போகிறவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அம்பாங் பாதைக்கும் போர்ட் வெல்ட் பாதைக்கும் என்ன வேறுபாடு? ரயில் இரண்டிலும் நின்றது. ஒன்றில் தடம் காப்பாற்றப்பட்டது, ரயில் திரும்பி வந்தது. மற்றொன்றில் தடமே போனது, பலகை மட்டும் நிற்கிறது.

செந்தூல்: கரியும் எண்ணெயும் மணத்த ஊர்

மஸ்ஜிட் ஜாமேக்கில் இறங்காமல் அப்படியே போனால் செந்தூல். பூச்சோங்கில் ஏறிய அதே வண்டியில் வண்டி மாறாமல் வரலாம். தோட்டத்துத் தமிழர்களின் ஊரையும் ரயில்வே தமிழர்களின் ஊரையும் ஒரே தடம் இணைப்பதாக இதை நான் நினைத்துக்கொள்வதுண்டு.

ரயில்வேயின் மத்தியப் பட்டறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செந்தூலில் அமைந்தது. நீராவி எஞ்சின்களைப் பிரித்து, பழுது பார்த்து, மறுபடி பூட்டி அனுப்பிய இடம். பிட்டர், கொதிகலன் வேலைக்காரர், வண்ணம் பூசுபவர், தச்சர் என்று எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் பிழைப்பு இங்கே இருந்தது. தண்டவாளத்தில் கட்டை மாற்றி, ஜல்லி கொட்டி, ஆணி இறுக்கிய கூட்டத்திலும் தென்னிந்தியர்களே நிறைந்திருந்தார்கள். நிலைய அதிபர், எழுத்தர், கணக்கர் நாற்காலிகளில் யாழ்ப்பாணத் தமிழர்கள் பெருமளவில் இருந்தார்கள். ஒரே ரயில்வேயில் கைவேலையும் தமிழர், கணக்கு வேலையும் தமிழர். இரு தரப்புக்கும் இடையே இருந்த தூரத்தையும் சேர்த்தே அந்தக் காலத்தை நினைக்க வேண்டும்.

1945இல் நேச நாடுகளின் பி-29 விமானங்கள் செந்தூல் பட்டறையின் மீது குண்டு வீசின. ஜப்பானியர் கையில் இருந்த ரயில்வேயை முடக்குவது நோக்கம். அதற்கு முன்பே அந்த ரயில்வே நம் மக்களுக்கு வேறொரு பெரும் துயரத்தைக் கொண்டுவந்திருந்தது. 1942-43இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் ரயிலேற்றிக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும் எண்ணிக்கையில் அவர்கள் திரும்பவே இல்லை. மனிதர்களை மட்டுமல்ல, தண்டவாளத்தையே இங்கிருந்து பெயர்த்துக்கொண்டு போனார்கள். கிழக்குக் கரைப் பாதையிலும் மலாக்கா கிளைப் பாதையிலும் இருந்த இரும்பு அங்கே போனது. கிழக்குக் கரைப் பாதையைப் போருக்குப் பின் மீண்டும் போட்டார்கள். மலாக்காவுக்கு அந்தக் கிளை திரும்பவே இல்லை. மலாக்கா நகருக்குள் இன்றுவரை ரயில் போகாததற்கு அதுவே காரணம்.

செந்தூல் பட்டறையின் வேலை பின்னாளில் பத்து காஜாவுக்கு மாற்றப்பட்டது. மேற்குப் பக்கத்தில் இருந்த ஒரு பழைய ரயில்வே கட்டடம் 2005 முதல் நாடக அரங்கமாக இயங்குகிறது. இடிக்காமல் பயன்படுத்தினால் பழைய கட்டடமும் பிழைக்கும் என்பதற்கு அது நல்ல சாட்சி.

கூம்பும் வளைவும் கொண்ட நிலையம்

செந்தூலிலிருந்து திரும்பி வந்து பண்டாராயா எல்.ஆர்.டி.யில் இறங்குங்கள். நடக்கும் தூரத்தில் பேங்க் நெகாரா கொமியுட்டர் நிலையம். அங்கே போர்ட் கிள்ளான் வண்டி ஏறினால் அடுத்த நிறுத்தம் கோலாலம்பூர் பழைய ரயில் நிலையம்.

1910இல் திறக்கப்பட்ட இந்த வெள்ளைக் கட்டடத்தை வடிவமைத்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பக். மஸ்ஜிட் ஜாமேக்கும் ஈப்போ ரயில் நிலையமும் அவர் வரைந்தவையே. எதிரே நிற்கும் ரயில்வே தலைமையகமும் அவருடையதுதான். கூம்பு, கோபுரம், வளைவு என்று இந்திய முகலாயச் சாயலைக் கொண்டு கட்டினார்கள். ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் நாட்டின் முக்கிய நிலையமாக இருந்தது. எத்தனை குடும்பங்கள் இங்கே கண்ணீரோடு கையசைத்திருக்கும்! 2001இல் கே.எல். சென்ட்ரல் திறந்ததும் கூட்டம் அங்கே போய்விட்டது. ஒரு வண்டியை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுவதாக நினைத்து இங்கே இறங்கிப் பாருங்கள். நடைமேடையின் இரும்புக் கூரையும், ஜன்னல் வளைவுகளும், இப்போது கூட்டமில்லாத அந்த அகலமும் பிள்ளைகளுக்கு எந்தப் பாடநூலும் சொல்லாததைச் சொல்லும்.

அடுத்த நிறுத்தமான கே.எல். சென்ட்ரல், முன்பு பிரிக்பீல்ட்ஸ் ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோத்த பெரிய முற்றமாக இருந்த இடம். அந்த முற்றத்தில் வேலை செய்தவர்கள் வாழ்ந்ததால்தான் பிரிக்பீல்ட்ஸ் தமிழர் ஊரானது. கோயில்களும் ஆசிரமமும் பள்ளிகளும் உணவுக்கடைகளும் ரயில்வே சம்பளத்தின் நிழலில் வளர்ந்தவை. 'நூறு குவாட்டர்ஸ்' என்று அழைக்கப்பட்ட அரசு ஊழியர் குடியிருப்பு வரிசைகள் ஒரு நூற்றாண்டு நின்றன. பின்னர் மேம்பாட்டுக்காக இடிக்கப்பட்டன. அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் இன்று பூச்சோங்கிலும் கிள்ளானிலும் சுபாங் ஜெயாவிலும் இருக்கிறார்கள். வீடு போய்விட்டது. அவர்கள் பீரோவில் இருக்கும் புகைப்படங்கள்தான் அந்தக் குடியிருப்பின் கடைசி ஆதாரம்.

ரயில் இருந்தும் படகு

சென்ட்ரலைத் தாண்டியதும் வண்டி மேற்கே திரும்புகிறது. இதுதான் 1886இல் போட்ட பாதை. சிலாங்கூரின் ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோகப் போட்டது. அதற்கு முன் சரக்கும் மனிதரும் கிள்ளான் ஆற்றில் படகேறி, பாதி வழி வந்து, மீதியைக் காட்டுப் பாதையில் கடந்தார்கள். இன்று அதே பாதையில் மின்சாரக் கம்பியின் கீழ் கொமியுட்டர் ஓடுகிறது. கொமியுட்டர் சேவை 1995இல் தொடங்கியது.

ஷா ஆலாம், பாடாங் ஜாவா கடந்து கிள்ளானை நெருங்கும்போது ஒரு சுவையான செய்தி. 1886இல் இந்த ரயில் கிள்ளான் நகருக்குள் போகவில்லை. ஆற்றின் அக்கரையில், புக்கிட் கூடா என்ற இடத்தோடு நின்றுவிட்டது. ரயிலை விட்டு இறங்கிய பயணி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு படகேறித்தான் நகரை அடைய முடிந்தது. 1890இல் கன்னாட் பாலம் கட்டிய பிறகே ரயில் ஆற்றைக் கடந்து நகருக்குள் வந்தது. நான்கு ஆண்டுகள், ரயில் இருந்தும் படகு.

பூச்சோங்கில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் நின்று பார்த்தால் இந்தக் கதை புரியும். ஒரு முறை ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "தம்பி, இந்த பஸ் எல்.ஆர்.டி.க்குப் போகுமா? எத்தனை மணிக்கு வரும்?" முதல் கேள்விக்கு எல்லோராலும் பதில் சொல்ல முடியும். இரண்டாவது கேள்விதான் சிக்கல். கோடிக் கணக்கில் செலவிட்டு ரயில் கொண்டுவந்தாயிற்று. வீட்டிலிருந்து நிலையம் வரையிலான அந்த இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் நம் புக்கிட் கூடா.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ரயில் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால், சராசரியாக இரண்டரை நிமிடம் காத்திருந்தால் போதும். இணைப்புப் பேருந்து அரை மணிக்கு ஒன்று என்றால், சராசரிக் காத்திருப்பு பதினைந்து நிமிடம். பேருந்தில் உட்காரும் நேரமோ பத்து நிமிடம்தான். அதாவது பயணத்தை விடக் காத்திருப்பு அதிகம். அந்த வரிசையில் ஒரு வண்டி மட்டும் வராமல் போனால், இடைவெளி ஒரு மணி நேரமாகிறது. வேலைக்குப் போகிறவர் அதை ஒரு முறை பொறுப்பார், இரண்டு முறை பொறுப்பார், மூன்றாம் முறை மோட்டார் சைக்கிளோ காரோ வாங்கிவிடுவார். அவர் போனதும் பேருந்தில் ஆள் குறையும். ஆள் குறைந்தால் வண்டி குறையும். கார் ஓட்டத் தெரியாத பாட்டியும், உரிமம் எடுக்க வயதில்லாத மாணவனும், முதல் சம்பளத்தில் கார் தவணை கட்ட முடியாத இளைஞனும்தான் கடைசியில் நிறுத்தத்தில் நிற்பார்கள்.

ஆகவே, 'பஸ் விடுங்கள்' என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. 'அடிக்கடி விடுங்கள், சொன்ன நேரத்துக்கு விடுங்கள்' என்று கேட்க வேண்டும். பத்து தாமான்களைச் சுற்றி வளைத்து மணிக்கு ஒன்று வரும் வண்டியை விட, ஐந்து நிமிடம் நடந்து போனால் பத்து நிமிடத்துக்கு ஒன்று வரும் வண்டி மேலானது.

1970களிலும் 80களிலும் தலைநகரில் ஓடிய இளஞ்சிவப்பு நிற 'பாஸ் மினி'யை நினைவிருப்பவர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள். 1975இல் வந்து 1998இல் நிறுத்தப்பட்ட அந்தச் சின்னப் பேருந்துகளில் குனிந்துதான் நிற்க வேண்டும், ஓட்டுநர்கள் பறப்பார்கள், நடத்துநர் வாசலில் தொங்குவார். பாதுகாப்பு என்று பார்த்தால் அவற்றைத் திரும்பக் கேட்க முடியாது. ஆனால் ஒன்று போனால் பின்னாலேயே இன்னொன்று வந்தது. அட்டவணை பார்க்காமல் வீட்டை விட்டுக் கிளம்ப முடிந்தது. மக்கள் அதைத்தான் இன்னும் பேசுகிறார்கள்.

தாத்தா இறங்கிய துறை

கிள்ளான் நிலையத்தில் இறங்கினால் ஜாலான் தெங்கு கிளானா நடக்கும் தூரம். வாழையிலைச் சாப்பாடு, பூக்கடை, புடவைக்கடை எல்லாம் முடித்துவிட்டு மறுபடி வண்டி ஏறுங்கள். தெலுக் பூலாய், ஜாலான் காஸ்தாம் வழியாகக் கடைசி நிலையம் போர்ட் கிள்ளான்.

1901இல் திறந்தபோது இதன் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். புதிய துறைமுகத்தில் மலேரியா பரவி, சதுப்பு நிலத்தை வடித்த பிறகே வேலை ஓடியது. 1972இல்தான் போர்ட் கிள்ளான் என்ற பெயர் வந்தது. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் வந்தவர்களில் பெரும்பாலோர் பினாங்கில் இறங்கினார்கள். பலர் இங்கே வரை வந்து இறங்கினார்கள். 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலின் பெயரைக் கேட்டால், வீட்டுப் பெரியவர்களின் முகம் மாறுவதைப் பார்க்கலாம். கப்பலை விட்டு இறங்கி, சோதனைகள் முடிந்து, தோட்டத்துக்குப் போக ரயிலேறியவர்களுக்கு இந்த நாட்டின் முதல் காட்சி இந்தத் தடத்தின் ஜன்னலில்தான் கிடைத்தது. நீங்கள் காலையில் வந்த பாதையை அவர்கள் எதிர்த்திசையில் கடந்தார்கள்.

ரயில் அவர்களை ஒரு நிலையத்தில் இறக்கிவிட்டது. அங்கிருந்து தோட்டம் வரையிலான தூரத்தை லாரியும் மாட்டுவண்டியும் கால்களும் கடந்தன. இன்று அவர்களுடைய பேரப் பிள்ளைகள் நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையிலான அதே தூரத்தை எப்படிக் கடப்பது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பேருந்துக்கும் ஒரு தடம்

திரும்பும்போது அதே வழியில் வராதீர்கள். கொமியுட்டரில் செத்தியா ஜெயா வரை வந்து இறங்குங்கள். அங்கே சன்வே பி.ஆர்.டி. நிலையம் இருக்கிறது. 2015 ஜூன் 2ஆம் தேதி திறக்கப்பட்ட இந்தத் தடத்தில் ஓடுவது பேருந்துதான், ஆனால் சாலையில் இல்லை. அதற்கென்றே தூண்களின் மேல் கட்டிய 5.4 கிலோமீட்டர் பாதை, ஏழு நிலையங்கள், மின்சார வண்டிகள். கீழே கார்கள் வரிசையாக நிற்க, மேலே நம் பேருந்து நிற்காமல் போகும். யு.எஸ்.ஜே. 7 நிலையத்தில் இறங்கி எல்.ஆர்.டி. கிளானா ஜெயா தடத்தில் ஏறினால் புத்ரா ஹைட்ஸ். அங்கே ஸ்ரீ பெட்டாலிங் தடத்துக்கு மாறினால் மீண்டும் பூச்சோங்.

இந்தச் சுற்றில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது அந்த 5.4 கிலோமீட்டர்தான். ரயில் நேரத்துக்கு வருவதற்குக் காரணம் அதன் சக்கரமோ இரும்போ இல்லை. அதன் வழியில் வேறு யாரும் குறுக்கே வருவதில்லை, அவ்வளவுதான். பேருந்துக்கும் அப்படி ஒரு வழி கொடுத்தால் அதுவும் நேரத்துக்கு வரும். எல்லா இடத்திலும் தூண் எழுப்ப வேண்டியதில்லை. பூச்சோங்கின் நெரிசல் மிகுந்த சந்திப்புகளில், நிலையத்தை நெருங்கும் சாலைகளில், காலையிலும் மாலையிலும் மட்டுமாவது பேருந்துக்கு ஒரு வரிசை ஒதுக்க ஒரு வாளி வண்ணமும் கொஞ்சம் மனத்துணிவும் போதும். தரையில் ரயிலுக்கு இடம் விடாத ஊர் நம்முடையது. பேருந்துக்காவது இப்போதே இடம் குறித்து வைத்தால், இன்னும் முப்பது ஆண்டு கழித்து வருகிறவர்கள் நம்மை நன்றியோடு நினைப்பார்கள். அம்பாங் பாதை கற்றுத்தரும் பாடம் அதுதான்.

கட்டடத்துக்கும் பேருந்துக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. ஆள் நடமாட்டம் இருக்கும் வரை பிழைக்கும். வாரம் ஒரு முறையாவது காரை வீட்டில் விட்டுவிட்டு இணைப்புப் பேருந்தில் ஏறுவது, அந்தத் தடத்துக்கு நாம் போடும் ஓட்டு.

இன்னொரு வேலையும் இருக்கிறது, அது வீட்டுக்குள்ளேயே. உங்கள் குடும்பத்தில் யாராவது ரயில்வேயில் வேலை செய்திருந்தால், சம்பளச் சீட்டு, பணிப் பதிவேடு, விசில், தொப்பி வில்லை, குவாட்டர்ஸ் வாசலில் எடுத்த புகைப்படம் என்று ஏதாவது ஒன்று பெட்டியின் அடியில் கிடக்கும். இந்த வாரமே எடுங்கள். புகைப்படத்தின் பின்னால் பென்சிலால் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதுங்கள். பெரியவர் இருக்கும்போதே, எந்த நிலையம், என்ன வேலை, எத்தனை மணிக்கு எழுந்து போனார் என்று கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். நிலையங்களுக்குப் பொறுப்பாளர் உண்டு. அவரது நினைவுக்கு நம்மைத் தவிர வேறு யாரும் பொறுப்பில்லை.

பயணக் குறிப்பு

கிளம்ப: சனி அல்லது ஞாயிறு காலை எட்டு மணிக்குள் கிளம்பினால் மாலைக்குள் சுற்று முடியும்.

வழி: இணைப்புப் பேருந்து, பூசாட் பண்டார் பூச்சோங் எல்.ஆர்.டி., செந்தூல், திரும்பி பண்டாராயா, நடந்து பேங்க் நெகாரா, கொமியுட்டரில் கோலாலம்பூர் பழைய நிலையம், கிள்ளான், போர்ட் கிள்ளான். திரும்ப செத்தியா ஜெயா, சன்வே பி.ஆர்.டி., யு.எஸ்.ஜே. 7, புத்ரா ஹைட்ஸ், பூச்சோங்.

கட்டணம்: டச் அண்ட் கோ அட்டை எல்லாவற்றுக்கும் போதும். மாதம் 50 ரிங்கிட் மை50 அட்டை ரேபிட் கே.எல். ரயில், பேருந்து, பி.ஆர்.டி. எல்லாவற்றுக்கும் செல்லும். கொமியுட்டருக்குச் செல்லாது, அதற்குத் தனிக் கட்டணம்.

பிள்ளைகளுக்கு: பேருந்து எண்களையும் பழைய நிலையப் பெயர்களையும் குறித்து வர ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். 'பத்து தீகா' என்ற பெயரில் எத்தனையாவது கல் இருக்கிறது என்று கேளுங்கள்.